குழல் நேராக இருந்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 10 மீட்டர் ஏர் ரைபிள் (அழுத்திய காற்றால் சுடும் துப்பாக்கி) போட்டியைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, பழைய வடஆற்காடு மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை துப்பாக்கியின் குழலைப் பற்றியே கேட்டிருந்தன. எந்த மாடலின் குழல் நேரானது, கோணலை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்குச் சொந்தமாக ஓர் ஏர் ரைபிள் வாங்கித் தர விரும்புகிறேன். கடைக்காரர் ஒரு மாடலைச் சொல்கிறார். உடன் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரோ, அந்த மாடலில் குழலே கோணலாக வரும் என்கிறார்கள். தொழிற்சாலையில் தயாராகும் மாடல்களில் எதன் குழல் மிகவும் நேராக இருக்கும்? – ஒரு தந்தை, காட்பாடி

பதில்: மாடலின் பெயரை மட்டும் வைத்துக் குழலின் தரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு மாடல்களுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டைவிடப் பல நேரங்களில் பெரிதாக இருக்கிறது.

காரணம் குழல் உருவாகும் விதத்திலேயே இருக்கிறது. குழல் முதலில் வெறும் எஃகுத் தண்டு. அதன் நடுவே, எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்திக்கொண்டே, கன் டிரில் என்ற நீண்ட துரப்பணத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துளையிடுகிறார்கள். விரல் பருமன்கூட இல்லாத துளையை அரை மீட்டர் நீளத்துக்குக் கொண்டுபோகும்போது டிரில் சற்றாவது விலகாமல் இராது. எஃகின் கடினம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தாலோ, டிரில்லின் முனை மழுங்கத் தொடங்கியிருந்தாலோ, அந்த விலகல் அதிகமாகிறது. புதிதாகத் தீட்டிய டிரில் போட்ட குழலும், அதே டிரில் மழுங்கும் தறுவாயில் போட்ட குழலும் ஒரே மாடல் பெயரைத் தாங்கித்தான் கடைக்கு வருகின்றன. நல்ல தொழிற்சாலை எது என்பதை இந்த இரண்டாவது குழலைப் பிடித்துத் தள்ளிவைக்கிறதா என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும்.

அடுத்து, நேராக இருப்பது முக்கியம்தான் என்றாலும் அதைவிட முக்கியமானவை சில உண்டு. துளையின் குறுக்களவு முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக இருக்கிறதா, ரைபிளிங் என்னும் சுருள் பள்ளங்கள் எங்கும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, பெல்லட், அதாவது ஏர் ரைபிளின் சிறு குண்டு, கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியேறும் குழல்முனையின் விளிம்பு, அதாவது கிரவுன், சேதமின்றித் துளைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பவையே அவை. விளிம்பில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு பிசிறு போதும், பின்னாலிருந்து வரும் காற்று பெல்லட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். உங்கள் மகள் சுடப்போகும் இலக்கில் பத்தாவது வளையத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. சற்றே வளைந்த குழலின் பிழை எல்லாப் பெல்லட்டுக்கும் ஒரே திசையில் இருப்பதால் அதைக் குறிக்கருவியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். கிரவுன் கெட்ட குழலின் பிழையோ ஒவ்வொரு பெல்லட்டுக்கும் ஒரு திசையில் போகும், அதைத் திருத்தக் குறிக்கருவியால் முடியாது.

கடையில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. துப்பாக்கியில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுக்கப்படவும் இல்லை என்பதைக் கடைக்காரரைக்கொண்டே உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பெல்லட்டைக் குழலின் பின்முனையில் வைத்து, பிளாஸ்டிக் உறையிட்ட துப்புரவுக் கம்பியால் மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். ரைபிளிங் பெல்லட்டைக் கவ்வும்போது முதலில் ஓர் இறுக்கம் தெரியும். அதன் பின் குழல் நெடுகக் கை ஒரே அழுத்தத்தை உணர வேண்டும். நடுவில் பெல்லட் திடீரென்று தளர்ந்து ஓடினால் அந்த இடத்தில் துளை அகன்றிருக்கிறது. இறுகி நின்று மீண்டும் நகர்ந்தால் அங்கே துளை குறுகியிருக்கிறது. முன்முனைக்குச் சற்று முன்னால் மட்டும் மீண்டும் லேசாக இறுகினால் பயப்பட வேண்டாம். பல நல்ல ஏர் ரைபிள் குழல்களில் அந்த இடத்தை வேண்டுமென்றே சிறிது குறுக்கிவைக்கிறார்கள், அதற்குச் சோக் என்று பெயர். வெளியே வந்த பெல்லட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், சுற்றிலும் பள்ளங்களின் தடம் ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும்.

ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் போன்ற ஜெர்மானியப் போட்டித் துப்பாக்கிகளோடு, அந்தத் துப்பாக்கியைக் கொண்டே தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த ஓர் இலக்குத் தாளும் வரும். மற்றவற்றுக்கு அந்தத் தாளை நீங்களேதான் உருவாக்க வேண்டும். அதில் ஓர் எச்சரிக்கை: மூன்று பெல்லட் சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்ததைப் பார்த்து மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அதே துப்பாக்கியில் பத்துச் சுட்டால் அவை பரவும் அகலம், மூன்று சுட்டதைப்போலச் சராசரியாக ஏறத்தாழ 1.6 மடங்கு இருக்கும். மூன்றை வைத்து இரண்டு மாடல்களை ஒப்பிடுவது எதையும் சொல்லாது. பத்துச் சுடுங்கள், அதையும் இரண்டு மூன்று வகைப் பெல்லட்டில் சுடுங்கள்.

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை பார்ப்பவன். என்னுடைய ஏர் ரைபிளின் குழலைக் கழற்றி, வி-பிளாக்கில் (V வடிவத் தாங்கியில்) வைத்துச் சுழற்றி, நடுவில் டயல் கேஜ் (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்தபோது 0.05 மில்லிமீட்டர் ஆட்டம் காட்டியது. குழல் வளைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? – ராணிப்பேட்டை வாசகர்

பதில்: நீங்கள் அளந்தது குழலின் வெளிப்புறத்தை. பெல்லட் போவது உட்புறத்தில். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை இரும்போடு பழகியவரான நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். துளையிட்ட பிறகு அதன் இரு முனைகளையும் சென்டர்களில், அதாவது லேத்தின் கூர்முனைகளில், தாங்கித்தான் வெளிப்புறத்தைக் கடைகிறார்கள். முனைகள் இரண்டிலும் துளை நடுவில் இருக்கும், வெளிப்புறமும் கச்சிதமாக நேராக இருக்கும். ஆனால் குழலின் மையப்பகுதியில் துளை ஒரு பக்கம் வில்லாக ஒதுங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட குழல் உங்கள் டயல் கேஜில் ஆட்டமே காட்டாது. துளை நேராக இருந்து மேற்பரப்பு மட்டும் மெருகிடும்போது உருக்குலைந்த குழலோ நிறையவே ஆட்டம் காட்டும்.

ஒருவேளை அந்த 0.05 முழுவதும் உண்மையான வளைவுதான் என்றே வைத்துக்கொள்வோம். சுழற்றும்போது காட்டும் ஆட்டத்தில் பாதிதான் வளைவின் உயரம், அதாவது 0.025 மில்லிமீட்டர். 450 மில்லிமீட்டர் நீளக் குழல் அவ்வளவு வளைந்திருந்தால், இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து பெல்லட் விலகிப் போவது 10 மீட்டரில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். குறிக்கருவியை ஒரு சில கிளிக் திருப்பினால் தீர்ந்துவிடும் பிழை அது. ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

துளையை அறிய வேண்டுமானால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பட்டறைகளில் பல தலைமுறையாகச் செய்துவந்த முறை இது. கழற்றிய, சுத்தமாகத் துடைத்த குழலைக் கண்ணருகே பிடித்து, வெளிச்சமான ஜன்னலின் மேல்சட்டத்தை அதன் வழியே நோக்குங்கள். சட்டத்தின் விளிம்பு துளையின் பளபளப்பான உட்சுவரில் நீண்டு கூராகும் நிழற்கோடாக விழும். துளை நேராக இருந்தால் அந்தக் கோட்டின் இரு ஓரங்களும் முறியாமல் ஒரே ஓட்டமாக ஓடும். வளைவு இருந்தால் அந்த இடத்தில் கோடு நெளியும். குழலை விரல்களுக்கிடையே மெல்லச் சுழற்றினால் நெளிவும் சேர்ந்து சுழல்வதைக் காணலாம். இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையில் இதற்கென்றே தேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். நிழலைப் பார்த்து வளைவு எங்கே என்று குறித்து, திருகுப் பிரஸ்ஸில் வைத்துச் சற்றே அழுத்தி, மீண்டும் பார்த்து, மீண்டும் அழுத்தி நிமிர்த்துவார்கள். இந்தத் திறமையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இன்று லேசர் கருவிகள் வந்துவிட்ட பிறகும் சில தொழிற்சாலைகள் இதே கண்ணையும் இதே பிரஸ்ஸையும் நம்பியிருக்கின்றன.

ஆனால் வீட்டில் அப்படி நிமிர்த்த முயலாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவன். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று 0.315 ஸ்போர்ட்டிங் ரைபிள் வைத்திருக்கிறேன். உரிமத்தோடு கிளப் மைதானத்தில் சுட்டுப் பார்க்கும்போது முதல் மூன்று குண்டுகள் ஒன்றாக விழுகின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் வலது மேல்புறமாக ஏறிக்கொண்டே போகிறது. குழல் கோணல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – கம்மவான்பேட்டை வாசகர்

பதில்: குழல் கோணலாக இருந்தால் முதல் குண்டிலிருந்தே அது தெரிந்திருக்கும். நீங்கள் சொல்வது சூடானால் நகரும் குழல். இது வேறு நோய், இதைத்தான் நான் கோணலைவிடப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

எஃகை அழுத்தியும் அடித்தும் குளிர்நிலையில் வடிவமாக்கும்போது அதற்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. வளைந்த குழலைப் பிரஸ்ஸில் நிமிர்த்தும்போதும் இதுவேதான் நடக்கிறது: வெளியே நேராகத் தெரிந்தாலும், பழைய வளைவுக்குத் திரும்பத் துடிக்கும் விசை உள்ளே உறைந்திருக்கும். நல்ல தொழிற்சாலை அந்தக் குழலை உலையில் ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு, அந்த இறுக்கத்தைப் போக்கும். அதைச் செய்யாமல் விட்டால், தொடர்ந்து சுடும்போது ஏறும் சூட்டில் குழல் அதே திசைக்குச் சிறிது சிறிதாகச் சாய்கிறது. குழலின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தாலும் இதே விளைவுதான். குழல் ஆறியதும் குண்டுகள் பழைய இடத்துக்கே திரும்புகின்றனவா என்று பாருங்கள். திரும்பினால் நோய் இதுவே.

ஆனாலும் குழலைக் குற்றம் சொல்லும் முன் மரக்கட்டையைப் பாருங்கள். உங்கள் ரைபிளின் முன்பகுதியில் குழலை மரம் பொதிந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஊறிய மரம், மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகுவதுபோல, குழலை ஒரு பக்கமாக நெருக்கும். சூடான குழல் நீளவும் இடமில்லாமல் அந்த மரத்தின் மீதே சாய்ந்து திசைமாறும். வேலூரின் சித்திரை வெயிலில் அதே மரம் காய்ந்து சுருங்கி வேறு இடத்தில் தொடும். ஆகவே சித்திரையிலும் கார்த்திகையிலும் உங்கள் ரைபிள் வேறு வேறு இடத்தில் சுட்டால், குழலைவிட மரத்தைச் சந்தேகிப்பதே நியாயம். மேகமூட்டமில்லாத மத்தியானத்தில் சூடான குழலுக்கு மேலே காற்று அலையடித்து, ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குறிக்கருவியில் இலக்கே நகர்வதுபோலத் தெரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதிகாலையில், ஒவ்வொரு குண்டுக்கும் இடையே குழலைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாத அளவுக்கு இடைவெளி விட்டு, பத்துச் சுட்டு அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி சீர்செய்பவரிடம் போகும்போது அந்தத் தாள்தான் அவருக்கு உதவும்.

பணியிலிருந்த காலத்தில் தாங்கள் கையாண்ட 0.303 லீ-என்ஃபீல்டு ரைபிளை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். லீ-என்ஃபீல்டு குழலுக்கு வழக்கமாக ஐந்து பள்ளங்கள். இரண்டாம் உலகப்போரில் அவசரத்துக்காக அதன் நம்பர் 4 வகை ரைபிள்களில் பல இரண்டே பள்ளங்களோடு தயாரிக்கப்பட்டன, அவையும் போர்முனைக்குத் தேவையான துல்லியத்தோடு சுட்டன. பள்ளங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் சீர்மைதான் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: என் ஏர் ரைபிள் குழலை மடக்கி இழுக்கும் வகையைச் சேர்ந்தது. ஸ்கோப்பை மேல்நோக்கி முழுவதும் திருப்பிவிட்டேன். அப்படியும் பெல்லட் கீழேயே விழுகிறது. குழல் வளைந்துவிட்டதா? – குடியாத்தம் வாசகர்

பதில்: பெரும்பாலும் குழல் நேராகத்தான் இருக்கும். அது பூட்டிக்கொள்ளும் இணைப்புதான் சற்றுக் கீழ்நோக்கி நிற்கிறது. மடக்கும் வகைத் துப்பாக்கிகளில் இது மிகப் பரவலான ஒன்று. அரை டிகிரி சாய்ந்தாலே 10 மீட்டரில் பெல்லட் ஏறக்குறைய 8.7 சென்டிமீட்டர் கீழே போய்விடும், பல ஸ்கோப்புகளின் திருகுக்கு அதற்கு மேல் இடமிருக்காது. பின்பக்கம் சற்று உயர்ந்த ஸ்கோப் தாங்கியை வாங்கிப் பொருத்தினால் போதும், குழலைத் தொட வேண்டியதில்லை.

பெல்லட் கீழே விழாமல் திடீரென்று மிக மேலே விழத் தொடங்கினால் நிலைமை வேறு. குழல் மடக்கித் திறந்திருக்கும்போது யாராவது விசையை இழுத்துவிட்டால், ஸ்பிரிங்கின் முழு வேகத்தோடு குழல் மேலே அடித்து மூடிக்கொள்ளும். அந்த அடியில் குழல் இணைப்புக்கு அருகே உண்மையாகவே மேல்நோக்கி வளைந்துவிடும், கட்டையும் பிளக்கலாம், இடையில் விரல் இருந்தால் விரலும் போகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் வேட்டைத் துப்பாக்கி வாங்கப்போகிறார். ரெமிங்டன், சாவேஜ், ருகர், டிக்கா ஆகிய பெயர்களைச் சொல்கிறார். இவற்றின் குழல்கள் எந்த வகையில் வேறுபடுகின்றன? – சத்துவாச்சாரி வாசகர்

பதில்: வேறுபாடு பள்ளங்களை உண்டாக்கும் முறையில் இருக்கிறது. சாவேஜ் நிறுவனம் பட்டன் முறையைப் பின்பற்றுகிறது. துளையைவிடச் சற்றே பருத்த, மிகக் கடினமான கார்பைடு உருண்டையை ஒரே இழுப்பில் உள்ளே செலுத்த, பள்ளங்கள் அழுந்திப் பதிகின்றன. கண்ணால் பார்த்துப் பிரஸ்ஸில் நிமிர்த்தும் தொழிலாளர்களுக்குப் பெயர்போனதும் அதே நிறுவனம்தான். ரெமிங்டன் 700, டிக்கா ஆகியவற்றின் குழல்கள் ஹாமர் ஃபோர்ஜிங் முறையில் வருபவை. பள்ளங்களின் எதிர்வடிவம் கொண்ட ஒரு கோலைத் துளைக்குள் செருகி, சுற்றிலும் சம்மட்டிகளால் அடிக்க, தடித்த குட்டையான குழல் மெலிந்து நீள்கிறது. ருகர் முன்பு குழல்களை வெளியிலிருந்து வாங்கியது, அந்தக் காலத்துத் துப்பாக்கிகளின் தரம் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. பிறகு தானே ஹாமர் ஃபோர்ஜிங் செய்யத் தொடங்கியதும் சீர்மை கூடியது. டிக்காவும், அதைவிட விலை உயர்ந்த சாகோ துப்பாக்கிகளும் ஃபின்லாந்தின் ரீஹிமாகி நகரில் ஒரே தொழிற்சாலையில் உருவாகின்றன. விலை குறைந்த டிக்காவுக்கு இவ்வளவு நற்பெயர் கிடைத்ததற்கு அது ஒரு காரணம். கொக்கி போன்ற ஒற்றை வெட்டுமுனையால் நூற்றுக்கணக்கான முறை சிறிது சிறிதாகச் செதுக்கும் பழைய முறை எஃகுக்குள் மிகக் குறைந்த இறுக்கத்தையே விடுகிறது, ஆனால் அது தனியே குழல் செய்து விற்பவர்களின் முறை, கடையில் விற்கும் சாதாரணத் துப்பாக்கியின் விலைக்குக் கட்டாது.

எந்த முறையிலும் சிறந்த குழலும் வரும், மோசமான குழலும் வரும். அண்ணனிடம் டிக்காவை முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்பதே என் பரிந்துரை.

கேள்வி: எங்கள் ஊர் லேத் பட்டறையில் குழலின் முன்முனையை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகக் கிரவுன் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? – ஆற்காடு வாசகர்

பதில்: உரிமம் வேண்டிய துப்பாக்கி என்றால் கூடவே கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் குழலைக் குறுக்குவதற்கும், பழுதுபார்க்கும் தொழில் செய்வதற்கும் தனி உரிமம் தேவை. பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் உங்களோடு அவரும் வழக்கில் சிக்குவார். ஏர் ரைபிள் என்றால் தயாரிப்பாளரிடமே அனுப்புங்கள். வெளிப்புறத்தை லேத்தில் பிடித்துக் கடையும் பட்டறையில், வெளிப்புறமும் துளையும் ஒன்றல்ல என்று மேலே சொன்ன காரணத்தால், கிரவுன் துளைக்குச் செங்குத்தாக அமையாது.

கேள்வி: எங்கள் ஊர்த் தோலில் அழகான உறை தைத்து, அதிலேயே ஏர் ரைபிளை வைத்திருக்கிறேன். சில மாதங்களில் குழல் மீது பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. – ஆம்பூர் வாசகர்

பதில்: உறையைப் போட்டிக்கு எடுத்துச் செல்ல மட்டும் பயன்படுத்துங்கள். தோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்புகளும் அதில் இருக்கும். இரண்டும் சேர்ந்து எஃகை அரிக்கின்றன. தொழில்நுட்பத்தில் உங்கள் ஊர்த் தோலுக்கு எந்தக் குறையும் இல்லை, எந்த ஊர்த் தோலாக இருந்தாலும் இதுதான் நடக்கும். வெளியே புள்ளி தெரிந்தால் துளைக்குள்ளும் தொடங்கியிருக்க வாய்ப்புண்டு, அங்கே விழும் துருக்குழிகளை எந்த நிமிர்த்தலாலும் திருத்த முடியாது. இன்றே வெளியே எடுத்து, மெல்லிய எண்ணெய் தொட்ட துணித்துண்டைப் பின்முனையிலிருந்து முன்முனை நோக்கி இழுத்துத் துடையுங்கள். முன்முனையிலிருந்து கம்பியைச் செருகினால் அது கிரவுனைத் தேய்த்துவிடும். பிறகு பூட்டிய அலமாரியில், உறையில்லாமல், காற்றுப் படும்படி நிறுத்திவையுங்கள். அடுத்த முறை சுடும் முன் காய்ந்த துணியால் எண்ணெயை எடுத்துவிட்டு, முதல் சில பெல்லட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.